நூற்று இருபத்தெட்டால் வகுத்தல்

நிபோங் திபாலிலிருந்து மிஸ்டர் லிம் கூப்பிட்டார்:
"மத்தியானமானா முப்பத்து மூணுன்னு காட்டுது உங்க பெட்டி.
நான் தெர்மோமீட்டரை விட்டுப் பாத்தேன், முப்பத்தொண்ணுதான்.
காத்தாடி நாலும் சும்மா சுத்துது.
கரண்ட் பில்லை இறாலா கட்டும்?"

பாயான் லெப்பாஸ், இரவு ஒன்பதே கால்.
இரண்டாம் மாடியில் ஏர்கோன் வேலை செய்கிறது,
நானும்.
மூடி திறந்த பெட்டி, மைலோ குவளையில் தண்ணீர்,
தண்ணீரில் சென்சாரின் கறுப்பு வால்.

சில்லுக்குள் ஒரே ஒரு கிண்ணம்.
பதினான்கு பிக்கோஃபாரட்,
பெயர் நீளம், பிடிப்பது ஒன்றுமில்லை.
முதலில் பேட்டரி அதை நிரப்பும், தடித்த குழாய், ஒரே பாய்ச்சல்.
எண்ணி முடித்ததும் அதே கிண்ணம் குளத்துக்கு நீளும்.
குளமோ லட்சம் ஓம் தடைக்குப் பின்னாலிருந்து
கசிந்து கசிந்துதான் வரும்.

அதற்கு நான் கொடுத்தது ஒன்றரை மைக்ரோ விநாடி.

கதவைச் சாத்திவிட்டு எண்ணினால்
அடியில் பேட்டரி கொஞ்சம், மேலே தண்ணீர்.
வெயில் ஏறினால் பேட்டரி ஏறும்,
பேட்டரி ஏறினால் குளம் சுடும்.
சில்லு பொய் சொல்லவில்லை,
கேட்ட நேரத்தில் கிண்ணத்தில் இருந்ததைச் சொன்னது.

பதினாறு மெகாஹெர்ட்ஸைப் பதினாறால் வகுத்தது நான்தான்.
பிப்ரவரியில், டெமோவுக்கு முந்திய ராத்திரி,
வேகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று.
விநாடிக்கு எழுபத்தாறாயிரம் தடவை குளத்தைக் கேட்கலாம்!
குளத்துக்கு நிமிடத்தில் ஒரு மாற்றம் வந்தாலே அதிகம்.
இருநூறு கிலோஹெர்ட்ஸ் தாண்டினால் கடைசி பிட்டுகளை நம்பாதே என்று
டேட்டாஷீட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது.
படித்திருக்கிறேன். கோடு கூடப் போட்டிருக்கிறேன், மஞ்சளில்.

திங்கட்கிழமை சியூ லான் போனில் காய்ச்சி எடுத்தாள்,
டெலிவரி தேதி, டெலிவரி தேதி.
அவள் வைத்த கையோடு தவமலர்.
"பசியாறிட்டியாக்கா?"
"என்ன பிரச்சினை, சுருக்கமா சொல்லு."
அந்தப் பக்கம் பெர்ரியின் சங்கு மட்டும் கேட்டது.
"ஒண்ணுமில்ல" என்றாள்.
இன்று சனி.

மூன்று பிட்.
ஒன்று பூஜ்யம் பூஜ்யம் என்றிருந்ததை
ஒன்று ஒன்று ஒன்று ஆக்கினேன்.
கிண்ணத்துக்கு இப்போது பன்னிரண்டு மைக்ரோ விநாடி.
கண் இமைக்கக்கூடக் காணாது. அதற்குத் தாராளம்.

கூடவே ஒரு வரி:
சேனல் மாறினால் முதல் அளவைத் தூக்கிப் போடு.
ஏன் என்று ஃபைசால் கேட்பான், கமெண்ட் எழுத வேண்டும்.
"பழசு ஒட்டியிருக்கும்" என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
"முந்தைய சேனலின் மிச்சம்" என்று எழுதினேன்.

பவர் சப்ளையின் குமிழைத் திருகினேன்,
மூன்று புள்ளி நாலிலிருந்து நாலு புள்ளி இரண்டுக்கு.
மைலோ குவளை இருபத்தேழு புள்ளி ஒன்று.
திரும்ப இறக்கினேன். இருபத்தேழு புள்ளி ஒன்று.
தனியாக ஒரு முறை கை தட்டினேன்,
சென்சார் விளக்குகள் பதறிக்கொண்டு எரிந்தன.

கார்பார்க்கில் மழை விட்டிருந்தது.
ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துவிட்டு அழுத்தினேன்.
எடுத்தாள்.
"ஹலோ" என்றேன்,
என் காதுக்கே அது மிஸ்டர் லிம்மிடம் பேசும் ஹலோ.
அப்படியே விட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கிப் போனது,
அது அடங்கட்டும் என்று இருந்தேன்.

"பசியாறிட்டியா மலரு?"

"மணி பத்தரை. இந்நேரத்துல என்ன பசியாறறது"
என்றாள்.
வைக்கவில்லை.